பழைய போர்ஷேவின் சாவிக்கு எது பொருந்தும்: அசலா, மறுபதிப்பா, சேலத்துக் கைவேலையா?

ஏற்காட்டில் என் மாமாவின் காபித் தோட்டத்துக் கொட்டகையில் 1972ஆம் ஆண்டின் போர்ஷே 911 டி கார் ஒன்று நிற்கிறது. எஞ்சின், பிரேக், வயரிங் என்று மூன்று ஆண்டுகள் பாடுபட்டு அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, மிகச் சிறிய வேலை ஒன்று மிச்சமிருந்தது. வண்டிக்கு இருந்தது ஒரே ஒரு சாவிதான். அதன் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. வளையம் கோக்கும் துளை இழுபட்டு முட்டை வடிவமாகியிருந்தது. அதில் தொங்கிய தோல் பட்டை பூஞ்சணம் பிடித்து மடிப்பில் கிழிந்து, அதன் மேலிருந்த சின்னத்தின் எனாமல் பாதிக்கு மேல் உதிர்ந்து போயிருந்தது. "மாப்ளே, வண்டியையே எழுப்பியாச்சு, இதை மட்டும் ஏன் இப்படி விடணும்?" என்று மாமா கேட்டார். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்து எடுத்துக்கொண்ட வேலை எட்டு மாதம் இழுத்தது. அந்த எட்டு மாதத்தில் எந்தெந்த வழிகளைப் பார்த்தேன், எதை எதற்காக ஏற்றேன், எதை ஏன் விட்டேன் என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் முதலில் செய்த தவறு, "அசல் போலவே ஒரு சாவி செட்" என்று ஒரே பொருளாகத் தேடியதுதான். பூட்டுக்குள் நுழையும் உலோகம் ஒன்று, அதைக் கையில் பிடிக்க உதவும் பட்டை இன்னொன்று, பட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சின்னம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் அசல் என்ற சொல் ஒரே பொருளைத் தருவதில்லை. உலோகத்தில் அசல் என்பது அளவு. பட்டையில் அது பொருளும் வேலைப்பாடும். சின்னத்தில் அது உரிமை. இதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எந்த வழிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது எனக்குப் பிடிபட்டது.

உலோகத்திலிருந்தே தொடங்குகிறேன். பூட்டென்றால் நமக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வருவதைப் போல ஜெர்மனியில் ஃபெல்பெர்ட் என்ற ஊர் நினைவுக்கு வரும். பூட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கும் ஊர் அது. ஜெர்மன் கார்களுக்குப் பூட்டும் சாவியும் செய்து பெயர்பெற்ற ஹூஃப் நிறுவனம் 1908இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்துக் கார்ச் சாவிகள் பெரும்பாலும் நிக்கல் பூசிய பித்தளையாலோ, செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தாலோ ஆனவை. இந்த இரண்டாவது உலோகத்தைச் சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் ஜெர்மன் சில்வர் என்கிறார்கள். பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி இல்லை. 1823இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் கைட்னர் என்பவர், சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்த இதே போன்றதோர் உலோகத்துக்கு ஈடாக இதை உருவாக்கினார். சாவிக்கு இந்த மென்மையான உலோகம் பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய காரின் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சாவியின் பற்கள் அவற்றை உரிய உயரத்துக்குத் தள்ளினால்தான் உருளை திரும்பும். சாவி மென்மையாக இருந்தால் தேய்வது சாவி. எஃகில் செய்த மலிவான பிளாங்கை, அதாவது பல் வெட்டாத வெற்றுச் சாவியை, வெட்டிப் போட்டால் தேய்வது பூட்டின் தகடுகள். சாவியை மாற்றிக்கொள்ளலாம், ஐம்பதாண்டுப் பூட்டை மாற்றினால் கதவுக்கொரு சாவி, இக்னிஷனுக்கொரு சாவி என்று வண்டியே பிரிந்து போகும்.

சாவிக்கு எனக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் நகல் எடுப்பது. நான் போய்ச் சாவியை நீட்டியதும் அவர் அதை விரலால் தடவிப் பார்த்து, "சார், தேஞ்ச சாவியைப் பார்த்து அடிச்சா, தேய்மானத்தையும் சேர்த்துத்தானுங்க அடிப்பேன்" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட மிகச் சரியான சொல் அதுதான். நகல் இயந்திரம் முன்னால் இருப்பதை அப்படியே பின்பற்றுமே தவிர, ஐம்பதாண்டுக்கு முன் அந்தப் பல் எந்த உயரத்தில் இருந்தது என்று அதற்குத் தெரியாது. மேலும் அந்தச் சாவியின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு, அதாவது காடிக்குப், பொருந்தும் பிளாங்கும் அவரிடம் இல்லை. வேறொரு பிளாங்கை அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தலாம் என்றார். அவசரத்துக்கு அது உதவும், நிலையாக வைத்துக்கொள்ள உதவாது.

இரண்டாவது, நிறுவனத்தின் பழைய கார்ப் பிரிவு வழியாக வாங்குவது. போர்ஷே தன் பழைய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது. பல்லாயிரம் உதிரிபாகங்கள் அதன் பட்டியலில் உள்ளன. கையிருப்பு தீர்ந்துபோன சில பாகங்களை 2018 முதல் முப்பரிமாண அச்சில் கூடச் செய்து தருகிறார்கள். பெருநகர விற்பனையகம் ஒன்றில் சாவிக்கு விசாரித்தபோது வண்டியின் சேசிஸ் எண், பதிவுச் சான்று, உரிமையாளரின் அடையாளச் சான்று ஆகிய மூன்றையும் கேட்டார்கள். சாவி விற்பவர் இவற்றைக் கேட்பது நல்லது. கேட்காமல் விற்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். பொருளின் தரத்தில் இந்த வழிக்கு நிகர் இல்லை. ஆனால் காலம் ஆகும், விலை கூடும், சில ஆண்டுகளின் காடிக்கு உரிய பிளாங்க் கையிருப்பில் இல்லாமலும் போகும்.

மூன்றாவது வழி, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் போர்ஷேவின் பழைய 356, 911 வண்டிகளுக்கென்றே கடை நடத்துபவர்களிடமிருந்து சரியான காடியுள்ள வெட்டாத பிளாங்கை வரவழைத்து, பூட்டிலிருந்து அளவெடுத்து இங்கேயே வெட்டிக்கொள்வது. நான் இதைத்தான் தேர்ந்தேன். பூட்டின் உருளையிலேயோ பழைய சாவியிலேயோ எண் பொறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணைக் கொண்டு தொழிற்சாலை அளவிலேயே வெட்டலாம். எண் அழிந்திருந்தால், பூட்டு வேலை தெரிந்தவர் உருளையைக் கழற்றித் தகடுகளின் உயரத்தை அளந்து, அதற்கேற்ப வெட்டுவார். எங்கள் வண்டியில் எண் அழிந்திருந்தது. கதவுப் பூட்டைக் கழற்றி அளந்து வெட்டிய புதுச் சாவி இக்னிஷனிலும் முதல் முறையே திரும்பியது. பழைய சாவியை ஆட்டி ஆட்டித் திருப்பியே பழகிய மாமா, தடையில்லாமல் அது திரும்பியதைக் கண்டு இரண்டு மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். இங்கே ஓர் எச்சரிக்கை: விற்பவருக்குக் காட்டுவதற்காகச் சாவியின் பற்களும் எண்ணும் தெரியும்படி படமெடுத்துப் பொதுவெளியில் போடாதீர்கள். படத்தைப் பார்த்தே சாவி வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காடி தெரிந்தால் போதும் என்பதால் சாவியின் முனையை மட்டும் நேராகப் படமெடுத்து அனுப்பினேன்.

இனிப் பட்டையும் சின்னமும். பேச வேண்டியவை இங்கேதான் அதிகம். ஏமாற்றும் இங்கேதான் அதிகம்.

போர்ஷேவின் சின்னம் 1952இல் உருவானது. நடுவே ஸ்டுட்கார்ட் நகரின் குதிரை. அந்த ஊரின் பெயரே குதிரை வளர்ப்புப் பண்ணை என்ற பொருளில் பிறந்தது. சுற்றிலும் அந்தப் பகுதியின் கலைமான் கொம்புகளும் சிவப்பு, கறுப்புப் பட்டைகளும். இந்தச் சின்னம் 1963, 1973, 1994, 2008, 2023 ஆகிய ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டது. எழுத்தின் பருமன், குதிரையின் வடிவம், பொன்னிறத்தின் சாயல் ஆகியவை மாறின. 2023இல் வந்த சின்னத்தில் சிவப்புப் பட்டைகளுக்குள் தேன்கூடு போன்ற நுண்வடிவம் உண்டு. ஆகவே 1972ஆம் ஆண்டு வண்டிக்குப் பொருந்துவது 1963இன் வடிவமே. "பழைய காலத்து வடிவமைப்பு" என்று விற்கப்பட்ட பட்டை ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சிவப்புக்குள் தேன்கூடு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு மற்ற எதையும் சோதிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

எனாமலிலும் மூன்று தரம் உண்டு. கண்ணாடிப் பொடியை உலோகக் குழிக்குள் நிரப்பி ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, பிறகு தேய்த்து மட்டமாக்குவது முதல் தரம். விரலால் தடவினால் உலோகக் கோடும் நிறமும் ஒரே தளமாக இருக்கும், நிறத்துக்குள் ஆழம் தெரியும். பெயிண்டைக் குழிக்குள் ஊற்றிக் குறைந்த சூட்டில் உலர்த்துவது இரண்டாவது. உலோகக் கோடு மேடாகவும் நிறம் பள்ளமாகவும் நகத்துக்குத் தட்டுப்படும். படத்தை அச்சிட்டு மேலே தெளிந்த பிசினை ஊற்றிக் குமிழாக்குவது மூன்றாவது. ஏற்காட்டு வெயிலும் மூடுபனியும் மாறி மாறிப் பட்டால் இரண்டு பருவத்தில் மஞ்சளடித்துவிடும். இணையச் சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. அவற்றில் இரண்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் தோல் என்று சொன்னது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். மற்றொன்றில் கொம்புகளின் கிளைகளே எண்ணிக்கையில் குறைந்திருந்தன. அவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டு இன்றுவரை பயன்படாமல் இருக்கும் அசல் பட்டைகள் சந்தைக்கு வருவதுண்டு. அந்நாளைய விற்பனையாளர்கள் தங்கள் கடையின் பெயரும் ஊரும் பொறித்து வண்டி வாங்கியவர்களுக்குக் கொடுத்த பட்டைகளும் இவற்றில் அடங்கும். கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை. ஆனால் இந்த வழியில் எனக்கு இரண்டு தயக்கங்கள் இருந்தன. முதலாவது, செயற்கையாகப் பழசாக்குவது தோலில் மிக எளிது. தேயிலை நீரும் உப்புத்தாளும் போதும். உண்மையாகப் புழங்கிய பட்டையில் வளையம் உரசும் இடத்திலும் கட்டைவிரல் படும் இடத்திலும்தான் தேய்மானம் கூடியிருக்கும். பழசாக்கிய பட்டையில் அது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். இரண்டாவது தயக்கம், உண்மையான பொருளாகவே இருந்தாலும் வேறோர் ஊரின் விற்பனையாளர் பெயர் தாங்கிய பட்டை எங்கள் வண்டியின் வரலாற்றில் இல்லாத ஒன்றைச் சொல்லும். வண்டி அந்த ஊரில் விற்கப்படவில்லை. பட்டை மட்டும் அப்படிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இந்தத் தயக்கம் எல்லோருக்கும் இருக்க வேண்டியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிறுவனமே இன்று விற்கும் தோல் பட்டை நேர்மையான பொருள்; சின்னத்தைப் பொறிக்கும் உரிமை அவர்களுடையது, எனாமலும் தையலும் குறை சொல்ல முடியாதவை. வாங்குவதற்கு முன், அது தாங்கியிருப்பது எந்த ஆண்டின் சின்னம் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தனிக்கடைகள் விற்கும் மறுபதிப்புகளில் வடிவம் சரியாக இருப்பவை உண்டு. அங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, சின்னத்தைப் பொறிக்க உரிமம் பெற்றிருக்கிறார்களா என்பதே. இதற்கு நேராகப் பதில் சொன்னவர்களிடம் மட்டும் பேச்சைத் தொடர்ந்தேன். சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பார்சலில் அன்பளிப்பு என்று எழுதி அனுப்புவதாகச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புப் பொருள்களுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

இவற்றை எல்லாம் பார்த்த பிறகு, நம் ஊரிலேயே செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் கைகளுக்கு இந்தச் சின்னத்தை வெட்டுவது பெரிய வேலை இல்லை. ஒரு பட்டறையில் படத்தைக் காட்டியபோது அச்சு போட்டே தந்துவிடலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். பதிவு பெற்ற வணிகச் சின்னத்தை உரிமையின்றிப் பொறிப்பது 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். பொறித்துக் கொடுக்கும் தொழிலாளியும் அதில் சிக்குவார். நம் ஆசைக்காக அவரை அங்கே நிறுத்தக் கூடாது. அதோடு, அவ்வளவு திறமையான கை இன்னொருவரின் குதிரையை நகலெடுக்கத்தானா என்றும் தோன்றியது.

சின்னத்தை விட்டுவிட்டால் சேலத்து வழிக்கு இருக்கும் வலிமை தெரியத் தொடங்குகிறது. ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பகுதிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் பழைய முறை உண்டு; ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போய், புவிசார் குறியீடும் பெற்ற தோல் அது. கடுக்காய் மரம் சேர்வராயன் மலையிலும் இருக்கிறது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாகவும் ஈரத்தை எளிதில் ஏற்காமலும் இருக்கும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக இருந்து, கை படப் பட நிறம் ஆழ்ந்து பழுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், மரப்பட்டையில் பதனிட்ட பூச்சில்லாத தோல் அதை விரைவில் உறிஞ்சி அந்த இடத்தில் கருக்கும். விளிம்பைத் தேய்த்து மெழுகு போட்டு மெருகேற்ற முடிவதும் இந்தத் தோலில்தான். குறை ஒன்று உண்டு: ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் மூடுபனி நிற்கும் ஏற்காட்டில், மூடிய பெட்டிக்குள் வைத்தால் இந்தத் தோலில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும். மாதம் ஒரு முறை துடைத்துத் தேன்மெழுகு தடவிக் காற்றாட வைக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் குரோமியத் தோலையே வாங்கலாம். அதில் தவறேதும் இல்லை.

எடையைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. எனக்கோ இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானித்தது அதுதான். போர்ஷேயில் இக்னிஷன் பூட்டு ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் இடையில் இருக்கும். பிரான்சின் லெமான் கார்ப் பந்தயத்தில் 1969 வரை ஓட்டுநர்கள் ஓடிவந்து வண்டியில் ஏறிக் கிளப்பினார்கள் என்பதும், ஒரு கையில் சாவியையும் மறு கையில் கியரையும் ஒரே நேரத்தில் இயக்க இந்த இடம் உதவியது என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் எதுவானாலும், சாவியில் தொங்குவது முழங்காலுக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உலோகப் பட்டையோடு ஏறி இறங்கினால், டாஷ்போர்டின் விளிம்பில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தட்டு விழும். அத்தனை எடையும் சாவி வழியாகப் பூட்டின் உருளையை இழுக்கும். பழைய சாவியின் துளை முட்டை வடிவமானதற்கு, வீட்டுச் சாவியும் குடோன் சாவியும் பல ஆண்டுகள் அதோடு ஒன்றாகத் தொங்கியதே காரணம். நான் ஒப்பிட்ட பட்டைகளை நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: தோலால் மட்டும் ஆன பட்டைதான் எல்லாவற்றிலும் இலேசு. வார்ப்பு உலோகச் சின்னம் பொருத்தியவை அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன.

எனவே நாள்தோறும் ஓட்டுவதற்கு, ஈரோட்டுத் தோலை அசல் பட்டையின் நீள அகலத்தில் வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, செவ்வாய்ப்பேட்டையில் செய்த மெல்லிய வெள்ளி வளையத்தில் கோத்திருக்கிறோம். சின்னம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் சூட்டு முத்திரையாக இருக்கிறது. கிழிந்த பழைய பட்டையைத் தூக்கிப் போடவில்லை. அது எந்த விலைக்கு வாங்கும் மறுபதிப்பையும் விட அசலானது. உலர்த்தித் துடைத்து, எனாமல் மேலும் உதிராதபடி மெல்லிய தாளில் சுற்றி, வண்டியின் பதிவுக் காகிதங்களோடு வைத்திருக்கிறேன். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதிகள் வண்டியின் அசல் வடிவத்தைத்தான் கேட்கின்றன, சாவிப்பட்டையைக் கேட்பதில்லை. ஆயினும் வண்டியோடு வந்தவை எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

உங்கள் நிலை வேறாக இருந்தால் என் முடிவும் மாறும். வண்டியைக் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்பவராக இருந்தால், சின்னத்தின் ஆண்டைச் சரிபார்த்து, வண்டியின் காலத்து அசலையே வாங்குங்கள். மறுபதிப்புக்குக் கொடுக்கும் பணம் அங்கே வீண். சின்னம் இல்லாமல் மனம் நிறையாது என்றால் நிறுவனத்தின் இன்றைய பட்டையை வாங்குங்கள். ஆனால் அதை வண்டியின் காலத்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 1980களின் 911 வைத்திருப்பவர்களுக்குச் சாவித் தலையிலேயே சிறு விளக்கு வைத்த சாவி வரும். அதில் அசல்தன்மை தலையில்தான் இருக்கிறது என்பதால் பட்டையை விடச் சாவித் தலைக்கு அதிகம் செலவிடுவது சரி. மூன்று நிலைக்கும் பொதுவானது ஒன்றுதான்: பணம் குறைவாக இருந்தால் முதலில் சரியான காடியுள்ள பிளாங்கையும் சரியான வெட்டையும் முடித்துவிட்டு, பட்டையைப் பிறகு பாருங்கள். பட்டை இல்லாமல் வண்டி ஓடும்.

எங்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டாஷ்போர்டுப் பெட்டியின் பூட்டுக்குச் சாவியே இல்லை. அது தனிக் காடியுள்ள சிறிய பூட்டு. அதைக் கழற்றாமல் அளவெடுக்க முடியாது. கழற்றும்போது ஓரத்து விளிம்பு கீறாமல் இருக்க வேண்டும். காபிப் பழம் பறிப்பு முடிந்து மாமாவுக்குக் கை ஒழியும் மாசியில், சாவிக்காரரை மேலே அழைத்துவந்து, கொட்டகை வெளிச்சத்திலேயே அதைச் செய்வதாக இருக்கிறோம். அதற்கான பிளாங்க் இரண்டும் வந்து சேர்ந்து, பட்டை வெட்டியதில் மிஞ்சிய தோல் துண்டில் சுற்றி, பெட்டிக்குள் இருக்கின்றன.